பருவகால ஓவிய வகுப்பு: நான்கு அச்சுப் படங்கள் போதுமா?

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு இவர் ஓவியம் சொல்லித்தர வேண்டும். வகுப்புக்கு 32 பேர். வாரத்துக்கு ஒரே பீரியட், 40 நிமிடம். இவர் ஓவியம் படித்தவர் இல்லை. "போர்டில் நன்றாகப் படம் போடுகிறீர்களே" என்று சொல்லிப் பொறுப்பைக் கொடுத்த தலைமையாசிரியை, பருவங்களை ஒட்டி ஓர் ஆண்டுத் திட்டமும் கேட்டிருக்கிறார். இவர் போட்ட திட்டம் இது: வசந்தத்துக்குப் பூ, கோடைக்குப் பூமிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பெரிய சூரியன், இலையுதிர் காலத்துக்கு ஆரஞ்சு இலை, குளிர்காலத்துக்குப் பனிமனிதன். ஒவ்வொன்றுக்கும் இணையத்திலிருந்து எடுத்த அச்சுப் படம் ஒன்று. பிள்ளைகள் அதில் வண்ணம் தீட்டி, வெட்டி, ஒட்ட வேண்டும். நன்றாகச் செய்தவர்களுக்கு நட்சத்திர ஸ்டிக்கர். ஆண்டு முடிவில் கண்காட்சி.

சில வாரங்களிலேயே இவருக்குத் தயக்கம் வந்துவிட்டது. எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது. சரி, இஷ்டத்துக்கு வரையட்டும் என்று விட்டால், தாளின் உச்சியில் நீலப் பட்டை, அடியில் பச்சைப் பட்டை, நடுவே வெற்றிடம் என்று வரைகிறார்கள். அதை எப்படித் திருத்துவது? ஏழு வயதுப் பையன் ஒருவன் ரப்பரால் அழித்து அழித்துத் தாளையே கிழித்துவிட்டு, "எனக்கு வராது மிஸ், நீங்களே வரைஞ்சு குடுங்க" என்கிறான். இவர்கள் ஊரில் பனியும் பெய்வதில்லை, இலைகள் ஒட்டுமொத்தமாக ஆரஞ்சாகவும் மாறுவதில்லை. கடைசியாக ஒன்று: மகளின் படத்தை வீட்டுக்குக் கேட்ட தாயிடம், "கண்காட்சிக்கு வேண்டும், அது பள்ளியின் சொத்து" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரிதானா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். "32 படங்களையும் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓவியம் படிக்கவில்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். ஓவியப் பயிற்சி பெற்ற பலருக்கே இந்த உறுத்தல் வருவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்கு அது வந்துவிட்டது. அதை நம்பித் திட்டத்தை மாற்றுவோம்.

பருவம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது

ஆண்டை நான்காகப் பிரிப்பது உலகம் முழுவதற்கும் பொதுவான கணக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒரு பிரிவினை, அவ்வளவுதான். நம் மொழியின் பழைய இலக்கணமே கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாக எண்ணுகிறது. மழைக்காலம், மழையில்லாக் காலம் என்று இரண்டே பருவம் உள்ள நிலப்பகுதிகளும் உண்டு. உங்கள் ஊரில் எத்தனை பருவம் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். "இப்போது வெளியே என்ன மாறியிருக்கிறது?" என்று மாதம் ஒருமுறை கேட்டு, அவர்கள் சொல்வதைப் போர்டில் எழுதுங்கள். காலையில் சைக்கிள் சீட் ஈரமாக இருக்கிறது, எறும்பு சுவரேறுகிறது, பிரேயரின்போது வெயில் கண்ணில் அடிக்கிறது என்றெல்லாம் வரும். இந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டத்தின் முதல் வரைவு.

பனிமனிதனை வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதையில் கேட்ட ஒன்றை வரையும் ஆசை பிள்ளைகளுக்கு இருக்கும், வரையட்டும். ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றை ஓவிய வகுப்பின் மையத்தில் வைத்தால், அவர்கள் இன்னொருவர் வரைந்த படத்தைத்தான் வரைவார்கள். பார்த்து வரையும் பழக்கம் அங்கே தொடங்காது.

ஆரஞ்சு இலைக்கும் இது பொருந்தும். குளிர்ப் பகுதிகளில் இலையுதிர் காலத்தில் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு நிறமியோ பல மரங்களில் அந்த நாட்களில்தான் புதிதாக உருவாகிறது. உங்கள் ஊர் மரங்களில் இது ஒரே சமயத்தில் நடக்காமல் இருக்கலாம். ஆனால் உதிரப்போகும் ஒரு தனி இலையில் நடக்கும். பல மரங்களில் இளந்தளிர் சிவந்து துளிர்ப்பதும் அதே வகைச் சிவப்பு நிறமியால்தான். தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, சருகு என்று நான்கை ஒரே மரத்தடியில் பொறுக்கி மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். அச்சுப் படத்தில் உள்ள ஆரஞ்சைவிட அதிக நிறங்கள் அந்த நான்கில் கிடைக்கும்.

கோடைச் சூரியனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் மனத்தில் தவறு பதிந்துவிடக் கூடாது. கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போவதில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். வட கோளத்தில் அது குளிர்காலம். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் மாறுகின்றன. இதை ஆறு வயதுக் குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நிழலை வரையச் சொல்லலாம். ஒரு குழந்தை நிற்கட்டும், இன்னொரு குழந்தை அதன் நிழலைத் தரையில் சாக்பீஸால் சுற்றி வரையட்டும். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை. நண்பகல் நிழலின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டித் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே குழந்தை, அதே இடம், அதே நேரம். நூல் போதாமலோ மிஞ்சியோ போகும்போது, பருவம் மாறியதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒரே மரம், எட்டுமுறை

இனி மாற்றுத் திட்டம். பள்ளி வளாகத்திலோ வாசலுக்கு எதிரிலோ பிள்ளைகள் பாதுகாப்பாகப் போய்வரக்கூடிய இடத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டில் எட்டுமுறை அதனிடம் போங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீளமான தாள் ஒன்றை விசிறிபோல எட்டு மடிப்பாக மடித்துக் கொடுங்கள். ஒரு வருகைக்கு ஒரு மடிப்பு. ஒவ்வொன்றிலும் தேதி, ஒரு படம், அன்று பார்த்த இலையின் நிறத்தைக் கலந்து தீட்டிய ஒரு சின்னக் கட்டம். ஆண்டு முடிவில் பிரித்தால் முழு ஆண்டும் அதில் இருக்கும். கண்காட்சிக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. 32 பேரும் வரைந்தது ஒரே மரம். ஆனாலும் எது யாருடையது என்று நீங்கள் தூரத்திலிருந்தே சொல்வீர்கள்.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1890–91இல் தன் வீட்டுக்கு அருகே வயலில் இருந்த தானியப் போர்களை ஏறக்குறைய 25 முறை வரைந்தார். கோடை முடிவில், பனி மூடிய காலையில், மாலை வெயிலில் என்று மாறி மாறி. பொருள் மாறவில்லை, வெளிச்சமும் பருவமும் மாறின. அந்தப் படங்களில் மூன்றை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டி, "எது குளிரும்?" என்று மட்டும் கேளுங்கள். யார் வரைந்தது, எந்த ஆண்டு என்பதெல்லாம் அப்புறம்.

எட்டுமுறையும் "மரத்தை வரையுங்கள்" என்றால் மூன்றாம் முறை சலித்துவிடும். ஒவ்வொரு முறையும் கேள்வி வேறாக இருக்க வேண்டும். முதல் வருகையில் பென்சிலே வேண்டாம். தொட்டுப் பார்க்கட்டும், முகரட்டும், அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்க்கட்டும், வகுப்புக்குத் திரும்பி நினைவிலிருந்து வரையட்டும். இரண்டாவது முறை பட்டையின் மேல் தாளை வைத்து க்ரேயானைப் படுக்கப்போட்டுத் தேய்க்கலாம். பிறகு ஒருமுறை தூரத்திலிருந்து முழு மரம், ஒருமுறை ஒரே ஒரு கிளை. எறும்பு, சிலந்தி, கூடு, பறவை எச்சம் என்று அந்த மரத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் ஒருமுறை. எட்டு வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் கடினமான ஒன்று: இலைகளை விட்டுவிட்டு இலைகளுக்கு நடுவே தெரியும் வானத் துண்டுகளை வரைவது. ஏழாவது முறை மரத்தின் நிழல். எட்டாவது முறை வெளியே போகாமல் மனத்திலிருந்து வரைந்துவிட்டுப் பிறகு போய் ஒப்பிட்டுப் பார்ப்பது. முதல் மடிப்பும் நினைவிலிருந்து வரைந்ததுதான். இரண்டையும் அருகருகே வைக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

நடுவில் வரும் வாரங்கள்

மற்ற பீரியட்களுக்குப் புதுப் புதுக் கைவேலைகளைத் தேடி அலைய வேண்டாம். பொருட்கள் குறைவாக இருக்கட்டும், ஒவ்வொன்றோடும் நீண்ட நாள் இருங்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு பொருள் போதும்.

மழை நாட்களுக்கு மெழுகும் நீரும். ஜன்னலருகே ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மழையைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்துக்குக் கோடு போடட்டும். தூறல் ஒரு கோடு, கொட்டும் மழை வேறு கோடு. அடுத்த வாரம் அதே கோடுகளை மெழுகுவர்த்தியாலோ வெள்ளை க்ரேயானாலோ அழுத்திப் போட்டு, மேலே நீர்த்த வாட்டர் கலரைப் பூசினால், மெழுகு நீரை ஒட்டவிடாமல் தள்ளும். காணாமல் போன மழை திரும்ப வரும். மூன்றாவது வாரம் தாளை நனைத்துவிட்டு வண்ணத்தைச் சொட்டவிடலாம், அது தானே பரவும். மூன்று வாரமும் ஒரே மழைதான். ஆனால் முதல் வாரம் கேட்டது மூன்றாவது வாரம் கைக்கு வந்திருக்கும்.

வெயில் கடுமையான நாட்களில் மலிவான அடர்நிறத் தாள் ஒன்றின் மேல் இலைகளை வைத்து, பறக்காமல் சிறு கல் வைத்து, வெயிலில் விட்டுவிடுங்கள். தாளின் சாயம் வெளிறும், இலை இருந்த இடம் மட்டும் வெளிறாது. தாளைப் பொறுத்துச் சில மணி நேரமோ இரண்டு நாளோ ஆகும், முன்கூட்டி ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். பனிமூட்டம் உள்ள நாட்கள் வெள்ளையோடு பழக நல்லவை: தூரத்துப் பொருள் ஏன் வெளிறித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு, ஒரே நீலத்தில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஐந்து நீலம் செய்யலாம். தளிர்க் காலத்தில் பச்சை டப்பாவை அலமாரியில் பூட்டிவிடுங்கள். மஞ்சளும் நீலமும் மட்டும் கொடுத்து, கையிலிருக்கும் இலையின் பச்சையைக் கலந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய பச்சை எந்த இலையிலும் இல்லை என்பதை ஆறு வயதிலேயே கண்டுகொள்வார்கள்.

32 பேருக்கும் ஒரே நேரத்தில் வண்ணமும் தண்ணீரும் கொடுத்தால் பீரியட் சுத்தம் செய்வதிலேயே போய்விடும். பாதிப் பேருக்கு இந்த வாரம் வண்ணம், மீதிப் பேருக்கு உலர் வேலை. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். நேரக் கணக்கு: பார்க்க 7 நிமிடம், செய்ய 23, ஒதுக்கிவைக்க 10. அந்தப் பத்து நிமிடத்தைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பிரஷ் கழுவுவதற்கு ஒருவர், தாள் உலர்த்த ஒருவர் என்று பொறுப்பு கொடுத்தால் மாதக் கடைசிக்குள் பழகிவிடுவார்கள்.

மேலே நீலப் பட்டை

இதைத் திருத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிநிலைகளை 1947இல் விரித்து எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறக்குறைய 7 முதல் 9 வயதுவரையான கட்டத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே இதைக் காட்டுகிறார். அடியில் தரைக்கோடு, அதன்மேல் எல்லாப் பொருளும் வரிசையாக நிற்கும், வானம் உச்சியில் தனிப் பட்டையாக இருக்கும். நடுவில் உள்ள வெற்றிடம் குழந்தைக்குக் காற்று. "வானம் எங்கே?" என்று கேட்டால் மேலே கை காட்டும், "தரை எங்கே?" என்றால் கீழே. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டும் அல்ல என்பது அதன் கணக்கு. நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது!

அவருக்கும் முன்பே 1927இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழார்ழ்-ஆன்ரி லூக்கே, இந்த வயதில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தமக்குத் தெரிந்ததையே வரைகிறார்கள் என்று விளக்கினார். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கையும், சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டிலையும் வெளியே தெரிவதுபோல் வரைவது அதனால்தான். விதை, வேர், மண்புழு என்று பாடம் வரும்போது இந்தக் குணம் உங்களுக்கு வரம். தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, "கோட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள், பெரியவர்களால் வரைய முடியாத படங்கள் வரும்.

தரையும் வானமும் தொடும் இடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் 9 வயதை ஒட்டித் தாங்களே தேடத் தொடங்குவார்கள். யாராவது முன்னாலேயே கேட்டால் வெளியே அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் நீங்கள் கோடு போட்டுக் காட்டாதீர்கள். கற்பிக்கத் தொடங்கிய புதிதில், ஒரு சிறுமியின் மரத்துக்கு நானே இரண்டு கிளை போட்டுக் கொடுத்தேன். அவள் அதற்குப் பிறகு அந்தத் தாளைத் தொடவில்லை. "இது மிஸ்ஸோட படம்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் நகர்த்திவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளைகளின் தாளில் என் கை படுவதில்லை. காட்டித்தர வேண்டியிருந்தால் போர்டில் வரைந்து காட்டி, உடனே அழித்துவிடுகிறேன்.

தாளைக் கிழிக்கும் பையன்

அவனுக்குத்தான் அச்சுப் படம் உதவும் என்று நீங்கள் நினைத்தது இயல்பு. நடப்பது நேர்மாறு. கச்சிதமான கோட்டுப் படத்தைப் பார்க்கப் பார்க்க, தன் கோடு அதுபோல் வராது என்ற எண்ணம்தான் அவனுக்குள் இறுகும். அவனுக்காக வரைந்து கொடுத்தால் அந்த எண்ணத்துக்கு நீங்களும் சாட்சி சொன்னதாகிவிடும்.

சில வாரங்களுக்கு வகுப்பு முழுவதற்கும் ரப்பரை நிறுத்திவைத்து க்ரேயான் மட்டும் கொடுங்கள், அவனைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டாம். சரி, தவறு என்று தீர்ப்பு சொல்ல முடியாத வேலைகளில் அவனை இழுத்து விடுங்கள். நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி இலையை வைத்து, மேலே தாளைப் போட்டுத் தேய்ப்பது நல்ல தொடக்கம். 1925இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் தேய்ந்த மரத் தரைப் பலகைகளின் மேல் தாளைப் போட்டுத் தேய்த்து, அதில் தெரிந்த உருவங்களிலிருந்து தன் ஓவியங்களை வளர்த்தார். இதை அவனிடம் சொல்லுங்கள். தேய்த்த தாளில் அவனுக்கு ஒரு மீனோ பாம்போ தெரியும். அதற்கு அவனே கண் வைப்பான். அதுதான் அவன் அழிக்காமல் விட்ட முதல் கோடாக இருக்கும்.

அப்போது "சூப்பர்" என்று சொல்லாதீர்கள். அவன் நம்ப மாட்டான். பார்த்ததைச் சொல்லுங்கள்: "இந்த ஓரத்தில் ரொம்ப அழுத்தியிருக்கிறாய், அங்கே லேசாக விட்டிருக்கிறாய்." தன் வேலையை ஒருவர் உண்மையிலேயே பார்த்தார் என்பது அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா, எழுதும்போதும் பென்சிலை முஷ்டிபோல் பிடிக்கிறானா, பட்டன் போடவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் சிரமப்படுகிறானா? இருந்தால் பெற்றோரிடம் பதமாகச் சொல்லிக் கண் பரிசோதனைக்கோ கைத்திறன் மதிப்பீட்டுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளில் நூற்றில் சிலருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. இலையைப் பழுப்பாகத் தீட்டுகிறவன் கவனமில்லாதவன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நட்சத்திர ஸ்டிக்கரும் அச்சுப் படமும்

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு பாலர் பள்ளியில் செய்த ஆய்வை உங்கள் தலைமையாசிரியையிடம் சொல்லலாம். வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டிச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாட்கள் கழித்து, விருப்பப்படி விளையாடும் நேரத்தில் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. உங்கள் ஸ்டிக்கர் அட்டையைச் சத்தமில்லாமல் மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள்.

மதிப்பெண் கட்டாயம் என்றால் படத்துக்குப் போடாதீர்கள். உற்றுப் பார்த்தானா, புதிதாக ஒன்றை முயன்றானா, பொருட்களைப் பொறுப்பாகக் கையாண்டானா என்ற மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆறு பிள்ளைகளை மட்டும் கவனித்தால் ஆறு வாரத்தில் அனைவரையும் பார்த்துவிடலாம்.

அச்சுப் படங்களை முழுவதுமாகத் தூக்கி எறிவதா? நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் வேறொருவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் ஒன்றிரண்டு இருக்கட்டும். ஓவிய வகுப்பு என்ற பெயரில் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவற்றுக்கு உரிமையாளர் உண்டு, பள்ளியில் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நகலெடுக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஒரேயடியாக மாற்றுவதற்குத் தலைமையாசிரியை சம்மதிக்காவிட்டால், ஒரு வகுப்பில் மட்டும் மர மடிப்பைத் தொடங்கி மூன்று மாதம் கழித்து இரண்டு சுவர்களையும் அவரிடம் காட்டுங்கள். வாதத்தைவிட அது வேலை செய்யும்.

பொறுக்கிவரும் பொருட்கள்

பிள்ளைகள் பையில் எதையும் கொண்டு வருவார்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி, பால் வடியும் செடிகள், காளான் இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் வகுப்புக்குள் விடாதீர்கள். மாலை கோக்க ஆசைப்பட்டுக் குன்றிமணியில் துளையிடுவது குறிப்பாக ஆபத்து. தெரியாத செடி என்றால் வேண்டாம் என்பதே விதி. கீழே விழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு ஒவ்வாமை என்ற பட்டியல் உங்களிடம் இருக்கட்டும். ஈர இலைகளில் பூஞ்சை பிடிக்கும், தாள்களுக்கு நடுவே வைத்துக் கனம் ஏற்றி, தாளை மாற்றி மாற்றி ஒரு வாரமாவது உலர்த்துங்கள். களிமண் வேலைக்குப் பிறகு காய்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். வண்ண டப்பாவில் ஐரோப்பாவின் இ.என். 71 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி-4236 போன்ற பாதுகாப்புக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டி-4236 இருந்தால் அதோடு நின்றுவிடாமல் எச்சரிக்கை வாசகத்தையும் படிக்க வேண்டும். ஆபத்தைக் குறிப்பிட்டுத்தான் விற்க வேண்டும் என்பதே அந்த விதி.

படம் யாருடையது?

உங்கள் அலுவலகம் சொன்னது சரியில்லை. பதிப்புரிமை பற்றி 1886இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், ஒரு படைப்பு உருவானவுடனே அதன் பதிப்புரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை, வயது தடையில்லை. ஆறு வயதுக் குழந்தையின் படத்துக்கும் அந்தக் குழந்தையே உரிமையாளர்; குழந்தையின் சார்பில் முடிவெடுப்பது பெற்றோரோ பாதுகாவலரோ. தாளும் வண்ணமும் பள்ளி வாங்கியது என்பதால் படத்தின் பதிப்புரிமை பள்ளிக்குப் போய்விடாது. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு, கலை வடிவில் தன்னை வெளிப்படுத்துவதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. 31ஆவது பிரிவு கலை வாழ்வில் பங்கேற்கும் உரிமையைத் தருகிறது. 16ஆவது பிரிவு அந்தரங்கத்தைக் காக்கிறது. நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பள்ளியில் எழுத்து வடிவில் ஒரு நடைமுறை வகுக்கும்போது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அன்றாடத்துக்கு இவ்வளவு போதும். ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் கண்காட்சிக்கு ஒன்று, இணையத்தில் வெளியிட ஒன்று என்று இரண்டு தனித்தனிச் சம்மதம் வாங்குங்கள்; ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதற்கும் சரி என்று சொன்னதாகாது. இணையத்தில் போட்டால் படம் மட்டும் போதும், முகமும் முழுப் பெயரும் வேண்டாம். கண்காட்சி முடிந்து எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். பள்ளிக்குப் பதிவு வேண்டுமானால், சம்மதத்தோடு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையிடமும் கேட்க வேண்டும். தன் படம் சுவரில் தொங்க வேண்டாம் என்று சொல்லும் குழந்தை உண்டு. சில சமயம் அந்தப் படத்தில் வீட்டில் நடந்த ஏதோ ஒன்று இருக்கும். ஏன் என்று துருவாமல் விட்டுவிடுங்கள். கவலை தரும் எதையாவது அதில் கண்டால், பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

அந்தத் தாய் கேட்ட படத்தை இந்த வாரமே அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் தயங்கினால், ஒரு புகைப்படம் எடுத்து அவர்களிடம் கொடுத்துவிடலாம். பின்பக்கம் தேதி எழுதி, படத்தை மகளின் கையிலேயே கொடுங்கள். அம்மாவிடம் அவளே கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.